அம்மா கடலுக்குப் போன அன்று

புதிதாக வண்டி ஓட்ட வந்திருக்கும் தம்பிகளுக்கு,

என்னை வழியனுப்பிய அன்று மாலை போட்டு நாற்காலியில் உட்கார வைத்து, "ரெண்டு வார்த்த பேசு அண்ணாத்த" என்றீர்கள். எழுந்து நின்றேன். எல்லாரும் என்னையே பார்த்தீர்கள். "வரேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் சிரித்தீர்கள். அதில் தப்பில்லை. சொன்னது ஒரு வார்த்தைதான். பாக்கி இருக்கும் இன்னொரு வார்த்தையை இப்போது எழுதுகிறேன்.

நான் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். கண் மட்டும் மங்காமல் இருந்திருந்தால் இன்னும் சில வருஷம் உங்களோடு ஓட்டிக்கொண்டிருந்திருப்பேன்.

வண்டியைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. என்னைவிட நன்றாகவே ஓட்டுகிறீர்கள். ஆனால் நம் இலாகா வண்டி பெரும்பாலும் ஊருக்குள் போவதில்லை. ஊருக்கு வெளியே இருப்பவர்களிடம் போகிறது. போன இடத்தில் எதைச் செய்வது, எதைச் செய்யாமல் சும்மா இருப்பது என்று யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை. எனக்கும் சொல்லித் தரவில்லை. ஒரே ஒரு பயணத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஐம்பதுகளின் நடுவில் நான் செங்கல்பட்டுக்கு வந்த புதிது. சொந்த ஊர் வாலாஜா பக்கம். அதற்கு முன் கடலையே பார்த்ததில்லை. எனக்கு வாய்த்த ஆபீசர் திருநெல்வேலிச் சீமைக்காரர், தெற்கே ஏதோ ஒரு கடலோர ஊர். "வண்டிய எங்கன நிப்பாட்ட?" என்று அவர் கேட்டால் எனக்கு ஒரு நிமிஷம் ஆகும். "இங்கியே கீட்டும் சார்" என்று நான் சொன்னால் அவருக்கு இரண்டு நிமிஷம் ஆகும். ஆகையால் அதிகம் பேசிக்கொள்ளாமலேயே நன்றாகப் பழகினோம்.

சுதந்திரம் வந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. மலையிலும் காட்டிலும் ஏரிக்கரையிலும் கிடக்கிற ஜனங்களுக்கு வீடு கட்டிக் கொடுத்து, அவர்களைச் சொந்தக் காலில் நிற்க வைக்க வேண்டும் என்று சர்க்கார் முடிவு செய்திருந்தது. எங்கள் பக்கத்தில் அப்படி இருந்தவர்கள் இருளர்கள். திருக்கழுக்குன்றம் போகிற சாலையிலிருந்து பிரியும் ஒரு வண்டிப்பாதையில் பெரிய மாந்தோப்பு இருந்தது. அதற்குள் சில இருளர் குடும்பங்கள் குடிசை போட்டுக்கொண்டு தோப்புக்குக் காவல் இருந்தன. காவலுக்குச் சம்பளம் கிடையாது. குடிசை போட இடம் விட்டதே சம்பளம் என்பது தோப்புக்காரரின் கணக்கு. வயிற்றுப்பாட்டுக்கு அவர்கள் யாரையும் எதிர்பார்க்கவில்லை. பாம்பு பிடிப்பார்கள், வயல் எலி பிடிப்பார்கள், கிழங்கு தோண்டுவார்கள், தேன் எடுப்பார்கள். ஆனால் வேறு யாருடைய வயலுக்காவது அறுப்புக்குப் போய்விட்டால் தோப்புக்காரருக்குக் கோபம் வரும். ஆளை அனுப்பிக் குடிசையைப் பிரித்துப் போட்டுவிடுவார். நான் வருவதற்கு முந்தின ஐப்பசியில், கொட்டுகிற மழையில், கன்னியப்பன் என்பவனுடைய குடிசையை அப்படிப் பிரித்துப் போட்டிருந்தார்கள். கன்னியப்பன்தான் அந்த ஜனங்களுக்குப் பெரியவன் மாதிரி. அவன் பெண்சாதி மங்கம்மா அந்த மழை ராத்திரியை என்றைக்கும் மறக்கவில்லை.

முதல் தடவை நாங்கள் அங்கே போனபோது, வண்டிப்பாதை வளைவில் ஓர் ஒற்றைப் பனைமரம் வந்ததும், நாங்கள் வருவது தெரியட்டும் என்று நல்ல எண்ணத்தில் ஆரன் அடித்தேன். தோப்புக்குள் நுழைந்தால் ஓர் ஈ காக்கை இல்லை. அடுப்பு எரிகிறது, உலை கொதிக்கிறது, ஆள் இல்லை. எல்லாரும் புதருக்குள் போய்விட்டார்கள். அந்தக் காலத்தில் அவர்களைத் தேடி வந்த வண்டியெல்லாம் ஊரில் ஏதாவது களவு போனால் வந்த வண்டிகள்தான். ஆபீசர் ஒரு மாமரத்தடியில் வெகுநேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டுத் திரும்பினார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "அடுத்த தரம் பனையடியிலயே நிப்பாட்டிரு. நடந்து போவோம்" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தப் பாதையில் நான் ஆரனைத் தொடவில்லை.

அவர் நடந்து போய்ப் பேசிக்கொண்டிருப்பார். நான் பனையடியில் வண்டியோடு கிடப்பேன். வியர்வைக்குக் காக்கிச் சட்டையைக் கழற்றி வண்டியில் மாட்டிவிடுவேன். எனக்குக் கூச்ச சுபாவம். யாரையும் நானாக எதுவும் கேட்கமாட்டேன். எதுவும் கேட்காத ஒரு சர்க்கார் ஆளை அவர்கள் அதற்குமுன் பார்த்ததில்லை போலிருக்கிறது. முதலில் குழந்தைகள் வந்தன. பிறகு மங்கம்மா சுட்ட வள்ளிக்கிழங்கை இலையில் வைத்துக்கொண்டு வந்தாள். "இன்னா அண்ணாத்த, வாயில கொயக்கட்டயா?" என்று கேட்டு என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். நான் சாப்பிட்டேன். அதன் பிறகு எப்போது போனாலும் எனக்கு ஏதாவது ஒன்று இலையில் வரும்.

ஒருநாள் ஆபீசர் அவர்களை உட்கார வைத்து, சர்க்கார் உங்களுக்கு என்ன செய்ய நினைக்கிறது என்று பொறுமையாக விளக்கினார். இனிமேல் நீங்கள் சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். கன்னியப்பன் மட்டும் தன் காலைக் குனிந்து ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னான்: "காலு எங்குள்துதான் சாமி. நிக்கற தரதான் எங்குள்து இல்ல."

அடுத்த வாரத்திலிருந்து ஆபீசர் ஆடு கொடுப்பது, ஏர் கொடுப்பது என்கிற பேச்சையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு நிலத்துக்கு அலைந்தார். தோப்புக்கு எதிரில், பாதைக்கு அந்தப் பக்கம், ஒரு புறம்போக்கு மேடு இருந்தது. நடுவில் ஒரு வேப்பமரம். அந்த மேட்டை வாங்குவதற்கு அவர் எத்தனை மேசைக்கு முன்னால் நின்றார் என்பது கூடப் போன எனக்குத்தான் தெரியும். தோப்புக்காரர் அந்த மேடு களத்துமேடாக வேண்டும் என்று மனுப் போட்டிருந்தார். "அவனுங்க ஒரு எடத்துல தங்கற சாதியா சார்? வூட்டக் கட்டிக் குட்த்தா ஓட்டப் பிச்சி வித்துட்டுப் பூடுவானுங்க" என்று போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கடைசியில் இடம் கிடைத்தது. ஓடு போட்ட சின்னச் சின்ன வீடுகள் எழுந்தன. கூடவே மேலிடத்திலிருந்து ஒரு நிபந்தனையும் வந்தது. திறப்பு விழா அன்று குடும்பத் தலைவர்கள் நேரில் வந்து மனைப்பட்டாவை வாங்கிக்கொண்டு குடியேற வேண்டும். ஆள் வராவிட்டால் இடம் திரும்ப ஊர்ப் பொதுவுக்குப் போய்விடும். தோப்புக்காரருக்கு வேண்டியதும் அதுதான்.

விழாவுக்கு வரவேண்டிய மேலதிகாரிக்குத் தோதான தேதி ஒன்றைக் குறித்தார்கள். ஆபீசர் நேரில் போய் அந்தத் தேதியைக் கன்னியப்பனிடம் சொன்னார். "ஆவட்டும் சாமி" என்று தலையாட்டினான். எல்லாரும் தலையாட்டினார்கள். தம்பிகளே, இதை மட்டும் நன்றாக மனசில் வாங்கிக்கொள்ளுங்கள். சர்க்கார் ஆள் என்ன சொன்னாலும் அந்த ஜனங்கள் தலையாட்டுவார்கள். வந்தவன் சீக்கிரம் போகட்டும் என்று ஆட்டுகிற தலை அது. அவர்களுக்கு நம் தேதி தெரியாது. பிறை தெரியும். இத்தனாவது பிறை என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே விஷயம் வெளியே வந்திருக்கும்.

விழாவுக்கு முந்தின நாள் மத்தியானம் நாங்கள் போனோம். பந்தல் போட்டாகிவிட்டது. வேப்பமரத்தடியில் மேலதிகாரியின் பெயர் வெட்டிய கல்லை நட்டுத் துணி போட்டு மூடியிருந்தார்கள். பாதையைத் தாண்டித் தோப்புக்குள் போனோம். குடிசைகளின் படலெல்லாம் கட்டிக் கிடந்தன. பானைகளைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். நாய்கூட இல்லை. ஆரனைக்கூட நான் அடிக்கவில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசிக் குடிசையில் நடக்க முடியாத கிழவர் ஒருவர் மட்டும் படுத்திருந்தார். கன்னியப்பனின் மாமனார். எல்லாரும் எங்கே என்று ஆபீசர் கேட்டார்.

"அம்மா கோவிச்சிகினு கடலுக்குப் பூட்டா சாமி. அயிச்சிகினு வரப் போயிருக்காங்கோ."

ஆபீசர் முகம் வெளுத்துவிட்டது. என்ன கோபம் என்று கேட்டார்.

"பின்ன? அல்லாருக்கும் வூடு கட்னீங்கோ. அவுளுக்கு ஒரு எடம் வுட்டீங்களா?"

ஆபீசர் அப்படியே குடிசை வாசலில் உட்கார்ந்துவிட்டார். யாரோ ஒரு கிழவியின் பெயர் பட்டியலில் விட்டுப்போயிருக்கிறது, அவள் மனம் வெறுத்துக் கடலில் விழப் போயிருக்கிறாள் என்று அவருக்குப் பட்டது. உண்மையைச் சொன்னால் எனக்கும் அப்படித்தான் பட்டது. கிழவர் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

கிட்டத்தில் கடல் என்றால் மகாபலிபுரம்தான், வண்டியை அங்கே விட்டேன். வழியில் ஆபீசர் குடும்பம் குடும்பமாக வாய்விட்டு எண்ணிப் பார்த்தார். யாரை விட்டோம், எந்தக் கிழவி, எப்படி விட்டுப்போயிற்று என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். திருக்கழுக்குன்றத்து மலை தாண்டியதும், "எங்க ஊர்ல பொம்பள கோவிச்சுக்கிட்டுக் கடலுக்குப் போனான்னா திரும்பி வரமாட்டாப்பா" என்றார். அதற்குப் பிறகு என்னால் கால் அழுத்தாமல் இருக்க முடியவில்லை. போலீசில் சொல்லிவிடலாமா என்று ஒரு தடவை கேட்டார். காக்கியைப் பார்த்தால் தேடப் போனவர்களும் ஓடிவிடுவார்கள் என்று நான் சொன்னேன். அதுவும் சரிதான் என்றார்.

குப்பத்துப் பக்கம் வண்டியை நிறுத்தினோம். வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு மீன்காரரிடம், பொம்பளை யாராவது தண்ணீரில் இறங்கினாளா என்று ஆபீசர் விசாரித்தார். அந்த மனிதர் எங்களை ஒரு மாதிரி பார்த்தார்.

"இன்னிக்கு எறங்காத பொம்பள எவ சார்? மாசி மகம். அங்க பாரு."

அவர் கை காட்டிய பக்கம் திரும்பினோம். கடற்கரை முழுக்க இருளர் ஜனம். தெற்கிலிருந்தும் வடக்கிலிருந்தும் நாங்கள் கேள்விப்படாத ஊர்களிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். குச்சி நட்டுப் புடவையைச் சுற்றிக்கட்டிய மறைப்புகள், மணலில் கட்டிய படிகள், பூ, தேங்காய், மஞ்சள். வாழ்க்கையில் முதல்முதலாகக் கடலைப் பார்க்கிற நான் அதைப் பார்க்காமல் ஜனத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கூட்டத்துக்குள் கன்னியப்பனையும் மங்கம்மாவையும் கண்டுபிடித்தோம். ஆபீசர் மூச்சு வாங்கக் கேட்டார், "அம்மா கிடைச்சாங்களா?"

"இன்னும் வர்ல சாமி" என்றான் கன்னியப்பன். அவனுக்கு ஒரே ஆச்சரியம். "நீங்களும் தேடிகினா வந்தீங்கோ?"

"யார் வீட்டு அம்மா? என்ன வயசு இருக்கும்?"

மங்கம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு பொத்தவும் முடியாமல் சிரித்தாள். "அய்ய, கன்னியம்மாளுக்கு வயசு கேக்கறாரு பாரு" என்று பக்கத்து மறைப்புக்காரியிடம் சொன்னாள். அது அப்படியே ஒவ்வொரு மறைப்பாகத் தாண்டிப் போயிற்று.

அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. கன்னியம்மா அவர்களுடைய தெய்வம். வருஷா வருஷம் ஏதாவது ஒரு குறையில் கோபித்துக்கொண்டு கடலுக்குப் போய்விடுவாள். மாசி மகத்துக்கு ஜனமெல்லாம் வந்து கெஞ்சிக் கூத்தாடி, விடிகிற நேரத்தில் கடல் தண்ணீரைச் செம்பில் மொண்டு, அவளை வீட்டுக்கு அழைத்துப் போவார்கள். இந்த வருஷம் கோபம் கொஞ்சம் அதிகம். புது வீடுகளுக்கு நடுவில் அவளுக்கென்று ஒரு கைகால் நீட்டும் இடம்கூட இல்லை.

ஆபீசர் மணலில் உட்கார்ந்துவிட்டார். சிரித்தார் என்று நினைத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒருத்தியும் சாகவில்லை என்கிற நிம்மதி அது. ஆனால் அடுத்த நிமிஷமே முகம் மாறியது. நாளைக் காலையில் பந்தலில் மேலதிகாரி வந்து உட்காருவார். எதிரில் தோப்புக்காரர் நிற்பார். பட்டா வாங்க ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

அவர் கன்னியப்பனிடம் கெஞ்சாத குறையாகக் கேட்டார். ஆண்கள் மட்டும் இப்போதே வண்டியில் ஏறுங்கள், பட்டாவைக் கையில் வாங்கியதும் நானே திரும்பக் கொண்டுவந்து விடுகிறேன் என்றார்.

"அவ வராம நாங்க அந்த வூட்ல காலு வெக்கமாட்டோம் சாமி."

"இடம் போயிரும், கன்னியப்பா."

"தெரியுது சாமி."

இந்த முறை அவன் தலையாட்டவில்லை. சிரித்துக்கொண்டிருந்த மங்கம்மாவின் முகமும் இருண்டுவிட்டது. புருஷனைப் பார்த்து மெதுவாகத்தான் சொன்னாள். "எடம் போச்சின்னா நீ தோப்புக்குப் போ. நான் வர்ல. இந்த மணல்லியே குந்திகினு கடப்பேன். இன்னொரு தபா மழயில நிக்க என்னால ஆவாது."

கன்னியப்பன் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கு இரண்டு பக்கமும் இழுப்பு. மங்கம்மாவும் கன்னியம்மாவை விட்டுவிட்டுப் போகலாம் என்று சொல்லவில்லை. அதுதான் எங்களுக்குப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

ஆபீசர் ஜீப்புக்கு வந்தார். ஆள் இல்லை என்று இப்போதே செங்கல்பட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டால் அவர்மேல் குற்றம் வராது. விழாவை நிறுத்திவிடுவார்கள், தோப்புக்காரர் சொன்னதே சரி என்று ஆகிவிடும். அவர் வண்டி மேல் கையை வைத்துக்கொண்டு, "என்னப்பா செய்ய?" என்றார். என்னிடம்தான் கேட்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அதுவரை எந்த ஆபீசரும் என்னை அப்படிக் கேட்டதில்லை.

கீழே பார்த்துக்கொண்டு சொன்னேன். "எடம் இல்லன்னுதான சார் அவங்க கோவிச்சிகினு வந்தாங்க. எடம் குட்த்தா வந்துடுவாங்க."

"எந்த இடம்?"

"கல்லு நட்டு வெச்சிருக்கீங்களே சார்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். செருப்பைக் கழற்றி வண்டியில் வைத்துவிட்டு, மறுபடி கூட்டத்துக்குள் நடந்தார். அன்றைக்கு அவர் செங்கல்பட்டுக்குத் திரும்பவில்லை. நானும்தான்.

கிழக்கு வெளுக்கும்போது ஜனமெல்லாம் தண்ணீரோரம் போய்விட்டது. மங்கம்மாவின் மேல் அம்மா வந்திருந்தாள். தலைவிரி கோலமாக, அலை வந்து காலை நனைக்க, ஆடிக்கொண்டிருந்தாள். எனக்குக் கிழங்கு கொண்டுவந்து கொடுக்கும் மங்கம்மா இல்லை அது. கன்னியப்பன் கையைக் கட்டிக்கொண்டு அவள் முன்னால் நின்றான். ஆபீசரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய் அவன் பக்கத்தில் நின்றார்.

"யார்ரா நீ?"

சர்க்கார் ஆபீசரை யாராவது அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. அவர் தன் பெயரையும் உத்தியோகத்தையும் சொன்னார். அப்புறம் மனுக் கொடுப்பவர் மாதிரி, "தாயி, தப்பு எங்க பேர்லதான். நடுவுல வேப்பமரத்தடி இருக்கு. அது உங்களுக்குத்தான். வீட்டுக்கு வாங்க" என்றார்.

"யாரு குடுக்கற எடம்? தோப்புக்காரன்துதா?"

"இல்ல தாயி. சர்க்கார் இடம்."

அம்மா ஆட்டத்தை நிறுத்தினாள். "நீ மாத்தலாயிப் பூடுவ. நாளிக்கு இன்னொருத்தன் வந்து எந்திரின்னுவான். அப்போ?"

தம்பிகளே, அந்த இடத்தில் "அப்படியெல்லாம் ஒருத்தனும் வரமாட்டான்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வேலை முடிந்திருக்கும். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். மேலதிகாரி வரும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் சொல்லவில்லை. யோசித்துத்தான் பேசினார்.

"வந்தாலும் வருவான் தாயி. அதுக்கு என்னால உறுதி சொல்ல முடியல. ஆனா நீங்க ஒரு தரம் உக்காந்துட்டா, எழுப்புததுக்கு எவனுக்கும் தைரியம் வராது. அதனாலதான் சொல்லுதேன், இன்னைக்கே வந்து உக்காந்துருங்க."

அம்மா சிரித்தாள். "இவன் பொய் சொல்லல. வரேன்" என்று சொல்லிக் கன்னியப்பன் மேல் சாய்ந்தாள்.

செம்பில் கடல் தண்ணீரை மொண்டு, வேப்பிலை செருகி, மஞ்சள் துணி சுற்றிக் கொண்டுவந்தார்கள். நடந்து போனால் மத்தியானமாகிவிடும். வண்டியில்தான் போகவேண்டும். கன்னியப்பன் செம்பைக் கையில் ஏந்திக்கொண்டு ஜீப்பைச் சுற்றி ஒரு தடவை வந்தான். "அம்மா பின்னாடி குந்தமாட்டா சாமி" என்றான். ஆபீசர் முன் சீட்டில் இருந்த தன் பையை எடுத்துக்கொண்டு பின்னால் போய் ஏறினார். கன்னியப்பன் செம்பை அந்தச் சீட்டில் வைத்துவிட்டுத் தானும் பின்னால் ஏறிக்கொண்டான். மங்கம்மாவும் குடும்பத் தலைவர்களும் அவரைச் சுற்றி நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். சிலர் பக்கவாட்டில் தொங்கினார்கள். மற்றவர்கள் குறுக்குவழியில் ஓட்டமும் நடையுமாகப் புறப்பட்டார்கள்.

அந்த மாதிரி நான் அதற்குமுன்னும் ஓட்டியதில்லை, பின்னும் ஓட்டியதில்லை. சீக்கிரமும் போகவேண்டும், செம்பும் தளும்பக் கூடாது. ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு கையால் செம்பின் கழுத்தைப் பிடித்துக்கொண்டேன். பின்னாலிருந்து மங்கம்மா, பழையபடி எங்கள் மங்கம்மாவாக, "மெல்ல அண்ணாத்த, அவுளுக்கு இன்னும் கோவம் முச்சூடும் போவல. குலுக்கிப்புட்டின்னா எறங்கிப் பூடுவா" என்று வழியெல்லாம் என்னைப் படுத்தினாள். ஆபீசர் மடியில் யாரோ ஒரு கிழவர் தூங்கிக்கொண்டு வந்தார்.

வண்டிப்பாதைக்குள் திரும்பினோம். தூரத்தில் பந்தல் தெரிந்தது. மேலதிகாரியின் கார் நின்றிருந்தது. தோப்புக்காரர் கையைக் கட்டிக்கொண்டு அவர் பக்கத்தில் குனிந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். என்ன சொல்லியிருப்பார் என்று உங்களுக்கே தெரியும். ஒற்றைப் பனை வந்தது. நான் வழக்கப்படி வேகத்தைக் குறைத்து வண்டியை ஓரம் கட்டப் போனேன்.

"இன்னாத்துக்கு நிறுத்தற?" என்றான் கன்னியப்பன். "ஆரன் அடி அண்ணாத்த. அம்மா வரான்னு தெரிய வாணாம்?"

எனக்குக் கை எழவில்லை. திரும்பி ஆபீசரைப் பார்த்தேன். அவர் தூங்கும் கிழவரைத் தாங்கிக்கொண்டு, "அடிடே" என்றார்.

அடித்தேன். பனையிலிருந்து வேப்பமரம் வரைக்கும் கையை எடுக்காமல் அடித்தேன். பின்னால் குலவை போட்டார்கள். பந்தலில் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். தோப்புக்காரரும் நிமிர்ந்து பார்த்தார்.

ஆபீசர் இறங்கிப் போய் மேலதிகாரியிடம் தணிந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னார். மறைக்கவில்லை. மேலதிகாரி வயதானவர், அதிகம் பேசாதவர். செம்பைப் பார்த்தார், துணி மூடிய கல்லைப் பார்த்தார்.

"அந்தக் கல்லுல என் பேருதானே இருக்கு?"

"ஆமா சார்."

"அப்ப அது என் இடம். நான் விட்டுக் கொடுத்துட்டேன். கல்லை எடுங்க."

கல்லைப் பெயர்த்தார்கள். கன்னியப்பன் அந்தக் குழியை மூடி, கடற்கரையில் பார்த்த மாதிரியே மேலே மணலில் படி கட்டி, செம்பை வைத்தான். நடந்து வருகிறவர்களும் வந்து சேரட்டும் என்று மேலதிகாரி வேப்பமர நிழலிலேயே வெயில் ஏறும்வரை உட்கார்ந்திருந்தார். பிறகு ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பட்டா கொடுத்தார். கன்னியப்பன் வாங்கியதை மங்கம்மாவிடம் கொடுத்தான். அவள் அதை இடுப்பில் செருகிக்கொண்டு, நேராகப் போய்த் தன் வீட்டுக் கூரையை அண்ணாந்து பார்த்தாள். ஓட்டுக்கு ஓடு வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்திருக்கவேண்டும்.

ஆபீசர் அடுத்த வருஷமே மாற்றலாகிப் போய்விட்டார். அம்மா சொன்னபடிதான். புதிது புதிதாக ஆபீசர்கள் வந்தார்கள். வேப்பமரத்தடியை எடு என்று சொல்ல ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. அந்தக் கல் கிணற்றடிக்குப் போய்விட்டது. பெண்கள் அதில் துணி அலசி அலசி, பெயர் தேய்ந்துவிட்டது.

அவர் போன பிறகு வந்த ஆனியில் நான் புது ஆபீசரைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, பனையடியில் உட்கார்ந்து மங்கம்மா கொடுத்த கிழங்கைத் தின்றுகொண்டிருந்தேன். தோப்புக்காரர் பாதையைத் தாண்டி வந்தார். வீடுகளுக்கு முன்னால் வந்ததும் நின்றுவிட்டார். உள்ளே கால் வைக்கவில்லை. அங்கிருந்தே கூப்பிட்டார்.

"கன்னியப்பா, மாங்கா எறக்கணும். நாளிக்கு வரியா?"

கன்னியப்பன் வாசலில் உட்கார்ந்து கண்ணி முடைந்துகொண்டிருந்தான். அவசரப்படவில்லை.

"நாளிக்குத் தோதுப்படாதுங்க. அடுத்த நாளு வரேன். கூலி இன்னான்னு சொல்லிட்டுப் போங்க."

தோப்புக்காரர் சொல்லிவிட்டுத்தான் போனார்.

தம்பிகளே, உங்களில் யாராவது ஒருவருக்கு அந்தப் பாதை வரும். மாசி மகத்தையொட்டிப் போனீர்களானால் வீடெல்லாம் பூட்டியிருக்கும். பக்கத்துச் சீட்டில் இருப்பவர் புது ஆளாக இருந்தால், எல்லாரும் ஓடிப்போய்விட்டார்கள் என்பார். இல்லை சார், அம்மாவை அழைத்துவரப் போயிருக்கிறார்கள், வந்துவிடுவார்கள் என்று சொல்லுங்கள். மற்ற நாளில் ஒற்றைப் பனை வந்ததும் வண்டியை நிறுத்திவிட்டு நடக்கச் சொல்லுங்கள். ஆரனைத் தொடாதீர்கள். அடிக்க வேண்டிய நாளில் அவர்களே சொல்வார்கள்.